சாகடிக்கும் கேம்: ‘ஐ வான்னா பி த கை’ பாணி ஓட்டமும் குதிப்பும், கேம்மேக்கரில்

2007-ல் மைக்கேல் ஓ’ரெய்லி இலவசமாக வெளியிட்ட ‘ஐ வான்னா பி த கை’, பழைய வீடியோ கேம்களை எல்லாம் வம்புக்கு இழுக்கிற கேம். மரத்துப் பழம் தலையில் விழும். சரி, மேலே ஏறித் தாண்டிவிடலாம் என்று போனால் அடுத்த பழம் மேல்நோக்கி ‘விழும்’. வானத்து நிலாவைக்கூட நம்ப முடியாது. ஆனால் ஏமாற்றுவது லெவல் மட்டும்தான். பட்டனை அழுத்தினால், நாம் ஆட்டுவிக்கும் ‘கிட்’ என்ற பையன் எங்கே போய் இறங்குவான் என்பதில் ஒரு பிக்சல்கூட ஏமாற்று கிடையாது. இந்தப் பாணியில் கேம் செய்ய உட்காருகிறவர்கள் முதலில் பொறிகளை வைக்கிறார்கள். அது தலைகீழ். இயக்கத்தை முடித்துவிட்டுத்தான் பொறிக்குப் போக வேண்டும்.

மூல கேம் மல்டிமீடியா ஃப்யூஷன் 2 என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் செய்யப்பட்டது. பின்னால் வந்த ரசிகர் கேம்களில் ஏராளமானவை அதே மாதிரி இன்னொரு மென்பொருளான கேம்மேக்கரில் வந்தவை. கீழே உள்ள எண்களும் அந்த ரசிகர் எஞ்சின்களில் புழங்குபவைதான். கேம்மேக்கர் 2023 முதல் வணிக நோக்கமில்லாத வேலைக்கு இலவசம், அதனால் வேறு தேட வேண்டாம். ஆப்ஜெக்ட், ஸ்டெப் ஈவென்ட், ரூம் இவை தெரியும் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

1. வேகம், அளவு

புது ப்ராஜெக்ட் நொடிக்கு 60 ஃப்ரேம் என்று திறக்கும். கேம் ஆப்ஷன்ஸில் போய் 50 ஆக்குங்கள். ரூம் 800 × 608, கட்டம் 32 பிக்சல். அதாவது 25 கட்ட அகலம், 19 கட்ட உயரம். கேமரா நகரவே கூடாது. ஒரு திரை, ஒரு புதிர்.

2. எண்கள்

ஓட்டம் ஃப்ரேமுக்கு 3 பிக்சல். முடுக்கம் கிடையாது, வழுக்கலும் கிடையாது. புவியீர்ப்பு 0.4. முதல் குதிப்பு 8.5, காற்றில் இரண்டாவது 7. விழும் வேகத்துக்கு உச்சவரம்பு 9. கிட் சுடும் குண்டுகள் திரையில் ஒரே நேரத்தில் 4, ஒவ்வொன்றும் ஃப்ரேமுக்கு 16 பிக்சல்.

கணக்குப் போட்டால் முதல் குதிப்பு 21 ஃப்ரேமில் 86 பிக்சல் ஏறும். உச்சியில் இரண்டாவதைப் போட்டால் இன்னும் 58. மொத்தம் 144, அதாவது நாலரைக் கட்டம். நான்கு கட்டச் சுவரை ஏறலாம், ஐந்தை முடியாது. லெவல் வரையும்போது இதை ஒரு காகிதத்தில் எழுதி மானிட்டர் ஓரம் ஒட்டிக்கொள்ளுங்கள்.

குதிக்காமல் மேடை ஓரத்திலிருந்து நழுவி விழுந்தால் இரண்டாவது குதிப்பு மட்டும் மிச்சம் இருக்க வேண்டும். ஓரம் தாண்டிய பிறகும் சில ஃப்ரேம் முதல் குதிப்பை அனுமதிக்கும் சலுகையை இப்போது பல கேம்களில் வைக்கிறார்கள். இங்கே அது வேண்டாம். முள்ளுக்கு இடையில் ஆடுகிறவருக்குத் துல்லியம்தான் சலுகை.

3. ஸ்டெப்பில் வரிசை

கேம்மேக்கர் தானாகத் தரும் வேக மாறிகளைத் தொடாமல் சொந்த மாறிகளை வைத்துக்கொள்வதே என் விருப்பம். எது எப்போது நடக்கிறது என்பது அப்போதுதான் கண்ணில் தெரியும். வரிசை இது: கீபோர்டைப் படி, குதிப்பைக் கொடு, புவியீர்ப்பைக் கூட்டு, உச்சவரம்பைப் போடு, கிடையாக நகர்த்து, பிறகு செங்குத்தாக நகர்த்து, கடைசியில் சாவைச் சோதி. உச்சவரம்பைப் புவியீர்ப்புக்கு முன்னால் போட்டால் விழும் வேகம் 9 அல்ல, 9.4 ஆகிவிடும்.

நகர்த்தும்போது ஒவ்வொரு பிக்சலாக நகர்த்தி, சுவர் வந்தால் நிறுத்துங்கள். உயரத்தில் வரும் தசமத்தை முழு எண்ணாக்கிவிடாதீர்கள், குதிப்பின் உயரமே மாறிவிடும்.

4. திரும்பும்போது சுவரில் மாட்டுவது

மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள். கிட்டின் படம் 32 × 32. மோதல் மாஸ்க், அதாவது மோதலுக்குக் கணக்கில் வரும் பகுதி, 11 அகலம், 21 உயரம். ஸ்ப்ரைட் எடிட்டரில் மேனுவலாக இடது 12, வலது 22, மேல் 11, கீழ் 31. ஆரிஜின், அதாவது கிட்டின் இடத்தைக் குறிக்கும் புள்ளி, 17, 23.

இடப்பக்கம் திரும்ப எல்லோரும் செய்வது கிடை ஸ்கேலை -1 ஆக்குவது. படம் அழகாகத் திரும்பும். கூடவே மாஸ்க்கும் திரும்பும், வில்லங்கம் அங்கேதான். வலம் பார்த்து நிற்கும்போது மாஸ்க் ஆரிஜினுக்கு இடப்பக்கம் 5, வலப்பக்கம் 6 பிக்சல். திரும்பியதும் இடம் 6, வலம் 5. கிட் ஒரு பிக்சல் இடப்பக்கம் வீங்கிவிடுகிறான்.

விளைவு: மேடையின் வலது ஓரத்தில் இறங்கி, விழுந்துகொண்டே இடப்பக்கம் திரும்பினால் சில சமயம் அந்தரத்தில் தொங்குவான். ஓட்டம் 3 பிக்சல் என்பதால் ஓரத்தைத் தாண்டிய இடைவெளி 0, 1 அல்லது 2 ஆக இருக்கும். 0-ஆக இருந்தால் மட்டும் மாஸ்க் சுவருக்குள் போகும். உள்ளே இருக்கிறவனுக்கு எந்தப் பக்கம் சோதித்தாலும் சுவர், அதனால் விழவும் மாட்டான். எப்போதாவது மட்டும் நடப்பதால் மோதல் கோடில்தான் பிழை என்று நினைத்து அதையே திருப்பித் திருப்பி எழுதுகிறவர்கள் நிறைய.

தீர்வு: ஸ்கேலைத் தொடவே தொடாதீர்கள். திசைக்கு ஒரு மாறி வையுங்கள், 1 அல்லது -1. ட்ரா ஈவென்ட்டில் ஸ்ப்ரைட்டை வரையும்போது மட்டும் அந்த மாறியைக் கிடை ஸ்கேலாகக் கொடுங்கள். ஆரிஜின் நடுவில் இல்லாததால் படம் ஒரு பிக்சல் நகர்ந்து தெரியலாம். தெரிந்துவிட்டுப் போகட்டும், மாஸ்க் அசையாமல் இருக்கிறதே.

5. குட்டிக் குதிப்பு

குதிக்கும் கீ ஷிஃப்ட். அதை விட்டவுடன் மேல்நோக்கிய வேகத்தை 0.45-ஆல் பெருக்குங்கள். ஒரே ஃப்ரேமில் அழுத்தி விட்டால் சுமார் 16 பிக்சல், அடுத்த ஃப்ரேமில் விட்டால் 23. ‘மேலே போகிறானா’ என்ற சோதனையை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் விழும்போது ஷிஃப்ட்டைத் தட்டித் தட்டியே இறகு மாதிரி மிதந்து இறங்கலாம்.

6. சாவு, ஆர், சேமிப்பு

முள்ளின் மாஸ்க் ‘ப்ரிசைஸ்’, அதாவது படத்தின் வடிவத்திலேயே; கிட்டுக்குச் செவ்வகம். முள்ளுக்கும் செவ்வகம் வைத்தால் முனைக்குப் பக்கத்துக் காற்றுகூடக் கொல்லும்.

செத்ததும் ரத்தம் தெறிக்கட்டும், கேம் ஓவர் வரட்டும். ஆனால் ஆர் (R) கீயை அழுத்தினால் அடுத்த ஃப்ரேமிலேயே உயிர் வர வேண்டும். மெல்ல இருளும் திரை, ‘மறுபடி ஆடவா?’ என்ற கேள்வி எதுவும் கூடாது.

சேமிப்புப் பெட்டி தொட்டால் அல்ல, சுட்டால்தான் சேமிக்க வேண்டும். குண்டு பெட்டியை அடையும்போது கிட் உயிரோடு இருக்கிறானா என்று பாருங்கள். இடத்தை எழுதும்போது ஸ்ட்ரிங்காக மாற்றாதீர்கள். கேம்மேக்கர் இரண்டு தசமத்துக்கு ரவுண்டு செய்துவிடும். அந்தச் சிறு வித்தியாசத்தில் கால் தரைக்குள் போனால், லோடு செய்தவுடன் கிட் சிலையாகிவிடுவான். INI என்ற அமைப்புக் கோப்பில் ரியல் எண்ணாகவே (தசமத்தோடு) எழுதுங்கள்.

7. முதல் பழம்

பழத்துக்கு மூன்று மாறிகள் போதும்: திசை, வேகம், தூண்டப்பட்டதா. கிட்டின் நடுவும் பழத்தின் நடுவும் கிடையாக 16 பிக்சலுக்குள் வந்தால் தூண்டுங்கள். திசையை மாற்றினால் அதே ஆப்ஜெக்ட் மேல்நோக்கிப் பாயும்.

வேகம்தான் நகைச்சுவையைத் தீர்மானிக்கிறது. ஆறு கட்ட உயரம் 192 பிக்சல். ஃப்ரேமுக்கு 8 என்றால் 24 ஃப்ரேம். பார்த்துச் சுதாரிக்க 12 ஃப்ரேம் போனாலும் மிச்சத்தில் 36 பிக்சல் ஓடலாம். 24 அகலப் பழத்தைத் தவிர்க்க 18 பிக்சல் போதும், தப்பிவிடுவார். வேகம் 12 என்றால் மொத்தமே 16 ஃப்ரேம். சுதாரித்த பிறகு ஓட 12 பிக்சல்தான், செத்தார். முதல் பழத்துக்கு 12, அதைத் தெரிந்துகொண்டவர் பின்வாங்கும் இடத்தில் ஒரு 8 வையுங்கள். ரேண்டம் மட்டும் எங்கேயும் வேண்டாம். மனப்பாடம் செய்தவரைக் கொன்றால் அது ஜோக் இல்லை.

பின்சேர்க்கை: 60 ஃப்ரேம்தான் வேண்டும் என்பவர்களுக்கு: ஓட்டம் 2.5, குதிப்புகள் 7.08, 5.83, புவியீர்ப்பு 0.278. உயரங்கள் கொஞ்சம் பிசகும், மேலே சொன்ன கணக்கை மறுபடி போட வேண்டும். என்னைக் கேட்டால் 50-லேயே இருங்கள்.

இன்னொன்று: ஆடும்போது விண்டோஸ் ஒரு பெட்டியைக் காட்டிக் கேமை மறைக்கிறது என்றால், அது உங்கள் கோடு அல்ல. ஷிஃப்ட்டை ஐந்து முறை தட்டினால் வருகிற ஸ்டிக்கி கீஸ். செட்டிங்ஸில் அணுகல்தன்மை, கீபோர்டு பகுதியில் அந்தக் குறுக்குவழியை அணைத்துவிடுங்கள். கேமைப் பிறருக்குக் கொடுப்பதாக இருந்தால் குதிப்புக்கு வேறு கீயைத் தேர்ந்தெடுக்கும் வசதியும் வைத்துவிடுங்கள்.