மஸ்கியும் வேண்டும், மணல் கரையும் வேண்டும்: குடும்ப விடுமுறைக்கு ஏரி தேர்ந்தெடுப்பது எப்படி?

மஸ்கி என்ற நன்னீர் மீனைத் தூண்டிலில் பிடிக்கும் பைத்தியம் பிடித்த புதிதில், அமெரிக்காவின் வடக்கு விஸ்கான்சினில் ஓர் ஏரிக்கரைக் கேபினை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்தேன். சிகாகோவிலிருந்து ஏழு மணி நேர ஓட்டம். அங்கே ஐம்பது அங்குல மீன் உண்டு என்று எங்கோ படித்ததுதான் அந்த ஏரியைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம். போய் இறங்கியதும் மகள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் ஓடினாள். மூன்றாவது எட்டில் முழங்கால் வரை சேறு. தண்ணீரோ டிகாஷன் நிறம். அதற்கப்புறம் அந்த வாரம் முழுக்க அவள் கரையை விட்டு இறங்கவில்லை.

ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் தூண்டில் வீசுவதை இரண்டு நாள் பொறுமையாகப் பார்த்தார். மூன்றாம் நாள் கேட்டார்: "மாப்பிள்ளை, மீனே இல்லாத தண்ணியிலயா நாள் பூரா வீசிக்கிட்டு இருக்கீங்க?"

மீன் இருக்கத்தான் செய்தது. எங்களுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. அடுத்த வருடம் ஏரி தேடும் முறையையே மாற்றினேன். முதன்முதலாகப் போகிறவர்களுக்காக அதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: மீன் கிடைக்காத நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

மஸ்கி என்பது மஸ்கலஞ்ச் என்ற மீனின் செல்லப்பெயர். 'பைக்' (pike) என்கிற நன்னீர் மீன் குடும்பத்திலேயே பெரியது இதுதான். விஸ்கான்சின் 1955-இல் இதை மாநில மீனாகவே அறிவித்துவிட்டது. நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்வதென்றால், சீலாவின் உடல்வாகு, வாத்து அலகு போலத் தட்டையான வாய், விராலைப் போலப் பாசிக்குள் பதுங்கி நின்று பாய்கிற குணம். நாற்பது அங்குல மீன் கிடைத்தால் நல்ல மீன். ஐம்பதைத் தொட்டுவிட்டால் ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டு திரியலாம்.

அங்குள்ளவர்கள் இதைப் 'பத்தாயிரம் வீச்சு மீன்' என்பார்கள். கொஞ்சம் மிகைதான், ஆனாலும் ஒரு வாரம் முழுக்க வீசி ஒன்றுகூடச் சிக்காமல் போவது சர்வ சாதாரணம். பெரும்பாலும் கடிப்பது விடியற்காலையிலும் இருட்டுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்திலும். ஜூன் கடைசியில் அந்தப் பக்கம் ஐந்தேகால் மணிக்கே விடிந்துவிடும், இரவு ஒன்பது வரை வெளிச்சம் இருக்கும். ஆக, காலையில் பிள்ளைகள் எழுவதற்குள் இரண்டு மணி நேரம், ராத்திரிச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம். உங்கள் மஸ்கி நேரம் அவ்வளவுதான். மீதி நேரத்தில் குடும்பம் என்ன செய்யும் என்பதுதான் ஏரியைத் தீர்மானிக்க வேண்டும். ஒரு தாளில் எழுதுங்கள்: யாருக்கு நீச்சல் தெரியும், யாருக்குப் படகு என்றால் பயம், யாருக்கு மதியத் தூக்கம் அவசியம்.

இந்தக் கணக்கிலிருந்தே இன்னொன்றும் புரியும். கேபின் வாசலிலிருந்தே படகை எடுக்கிற மாதிரி இருக்க வேண்டும். அரை மணி நேரம் கார் ஓட்டிப் போய்ப் படகை இறக்க வேண்டிய இடமென்றால், இரண்டாம் நாளே அலாரத்தை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவீர்கள்.

படி 2: பகுதியை முடிவு செய்யுங்கள்

மஸ்கி கனடாவின் ஒன்டாரியோவிலும் உண்டு, தெற்கே கென்டக்கியிலும் உண்டு. மினசோட்டாவின் மில் லாக்ஸ், லீச், வெர்மிலியன் எல்லாம் பேர்பெற்ற ஏரிகள். ஆனால் மில் லாக்ஸ் மட்டுமே 1,32,000 ஏக்கர். காற்று கிளம்பினால் கடல் மாதிரி அலை அடிக்கும். சின்னப் படகும் சின்னப் பிள்ளைகளுமாக முதல் தடவையே அங்கே போகாதீர்கள்.

தொடக்கக்காரர்களுக்கு நான் சொல்வது வடக்கு விஸ்கான்சின். 600-க்கும் மேற்பட்ட ஏரிகளில் மஸ்கி இருக்கிறது, கேபின் வாடகைத் தொழில் பல தலைமுறையாக நடக்கிறது. அங்கே இரண்டு மையங்கள். ஒன்று, கிழக்கே வைலஸ், ஒனைடா மாவட்டங்கள்: ஈகிள் ரிவர், மினாக்வா, போல்டர் ஜங்ஷன். வைலஸ் மாவட்டத்தில் மட்டும் 1,300-க்கு மேல் ஏரிகள். மழை வந்தாலும் ஐஸ்கிரீம் கடை, சைக்கிள் பாதை என்று பிள்ளைகளுக்குப் போக்கிடம் உண்டு.

இன்னொன்று, மேற்கே ஹேவர்டு. மினியாபொலிஸ்காரர்களுக்கு இதுதான் பக்கம். 1949-இல் ஒரே வருடத்தில், ஒரே மாவட்டத்தில் இரண்டு உலக சாதனை மீன்கள் பிடிபட்டதாகப் பதிவாகியிருக்கிறது. லா கூட்டரே ஏரியில் கால் ஜான்சன் பிடித்தது 67 பவுண்டு 8 அவுன்ஸ். சிப்பெவா ஃபிளோவேஜ் என்ற நீர்த்தேக்கத்தில் லூயி ஸ்ப்ரே பிடித்தது 69 பவுண்டு 11 அவுன்ஸ். இந்தக் கணக்குகளை நம்பலாமா கூடாதா என்று இன்றைக்கும் சண்டை ஓயவில்லை. ஹேவர்டில் நன்னீர் மீன்பிடிப்புக் காட்சியகம் ஒன்று இருக்கிறது. அந்தக் கட்டடமே நாலு மாடி உயர மஸ்கி. அதன் வாய்க்குள் ஏறி நின்று ஊரைப் பார்க்கலாம். எங்கள் மாமியாருக்கு அந்தப் பயணத்தில் பிடித்த ஒரே மஸ்கி அதுதான்.

படி 3: ஏ1-ஐப் பார்த்து மயங்காதீர்கள்

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். நானும் சறுக்கினேன். விஸ்கான்சின் இயற்கை வளத் துறை தன் மஸ்கி ஏரிகளை ஏ1, ஏ2, பி, சி என்று பிரித்து வைத்திருக்கிறது. ஏ1 என்றதும் முதல் தரம், ஏ2 என்றதும் இரண்டாம் தரம் என்று நம் மதிப்பெண் மூளை நினைத்துக்கொள்ளும். அப்படிக் கிடையாது. ஏ1 என்றால் பெரிய மீன் வளரக்கூடிய ஏரி, ஆனால் எண்ணிக்கை குறைவாக இருக்கலாம். ஏ2 என்றால் எண்ணிக்கைக்குப் பேர்போன ஏரி, இடையிடையே பெரியதும் வரும். பி சுமார், சி பேருக்கு.

முதல் மஸ்கியைப் பிடிக்க நினைப்பவருக்கு ஏ2-தான் சரி. முப்பத்தைந்து அங்குல மீன் படகோரம் வரை துரத்திக்கொண்டு வந்தாலே கை நடுங்கும். ஏ1-இல் ஐந்து நாள் வெறும் தண்ணீரைச் சலிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அதே பட்டியலில் 1, 2, 3 என்று இன்னொரு எண்ணும் தனியாக இருக்கும். அது மீன் தானாகவே இனப்பெருக்கம் செய்கிறதா (1), கொஞ்சம் குஞ்சு விட்டு உதவ வேண்டியிருக்கிறதா (2), முழுக்க விடும் குஞ்சை நம்பித்தான் இருக்கிறதா (3) என்பதைச் சொல்கிறது. 3 என்று இருந்தால் பயப்பட வேண்டாம். எந்த வருடம் எத்தனை குஞ்சு விட்டார்கள் என்ற விவரம் துறையின் தளத்திலேயே கிடைக்கும். பத்து, பன்னிரண்டு வருடமாக விடாமல் விட்டிருந்தால் அது நல்ல ஏரிதான்.

படி 4: வரைபடத்தை விரித்துப் பாருங்கள்

ஐந்தாறு ஏ2 ஏரிகளைக் குறித்துக்கொண்டீர்களா? இப்போது ஒவ்வொன்றின் ஆழ வரைபடத்தையும் எடுங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். அதில் ஆழத்தைக் காட்டும் கோடுகள் நெருங்கி இருந்தால் செங்குத்தாக இறங்குகிறது என்று பொருள், விலகி இருந்தால் நீண்ட ஆழமில்லாத தளம். உங்களுக்கு இரண்டும் ஒரே ஏரியில் வேண்டும். கரையிலிருந்து மூக்கு போல நீளும் நிலம், அதன் நுனியில் கோடுகள் சட்டென்று நெருங்குகிற இடம், பக்கத்தில் எட்டு முதல் பன்னிரண்டு அடி ஆழத்தில் 'கேபேஜ்' என்று அங்கே சொல்கிற அகன்ற இலைப் பாசி. மஸ்கி நிற்கிற இடம் அதுதான். கேபின் இருக்கிற பக்கத்தில் கோடுகள் விலகி இருக்க வேண்டும். அங்கேதான் பிள்ளைகள் இடுப்பளவுத் தண்ணீரில் ஆடுவார்கள்.

அளவு 500 முதல் 1,500 ஏக்கர் வரை இருந்தால் போதும். நாலு நாளில் ஏரி பிடிபட்டுவிடும். ஹேவர்டுக்குக் கிழக்கே டீல், லாஸ்ட் லேண்ட் என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஏரிகள் உண்டு. படகு மணிக்குப் பத்து மைலுக்கு மேல் போகக் கூடாது என்பது அங்கே விதி. ஜெட் ஸ்கி இரைச்சல் வேண்டாம் என்கிறவர்களுக்குச் சொர்க்கம். பதின்ம வயதுப் பிள்ளைகளைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.

தண்ணீரின் நிறத்தையும் பாருங்கள். டிகாஷன் நிறம் அழுக்கு கிடையாது, சதுப்பு நிலத் தாவரங்களிலிருந்து ஊறி வருவது. அப்படிப்பட்ட ஏரியில் பட்டப்பகலிலும் மஸ்கி கடிக்கும். கண்ணாடி போலத் தெளிந்த ஏரியில் பிள்ளைகள் சந்தோஷமாக நீந்துவார்கள், மீன் இருட்டினால்தான் அசையும். நான் இரண்டுக்கும் நடுவில் ஒன்றைத் தேடுகிறேன்.

சிப்பெவா ஃபிளோவேஜ் பற்றிக் கட்டாயம் கேள்விப்படுவீர்கள். சுமார் 15,300 ஏக்கர், நூற்றுக்கு மேற்பட்ட தீவுகள், மிதந்து நகரும் சதுப்புத் திட்டுகள், தண்ணீருக்கடியில் மரக்கட்டைகள். அணை கட்டி 1920-களில் உண்டாக்கிய நீர்த்தேக்கம் அது. ஒஜிப்வே மக்களின் ஒரு கிராமமும், முன்னோர் கல்லறைகளும், காட்டரிசி விளைந்த நீர்நிலைகளும் அதில் மூழ்கிப்போயின. அழகான இடம்தான், ஆனால் புதியவர் தானே படகோட்டிப் போகிற இடம் இல்லை. ஒரு நாள் வழிகாட்டி வைத்துக்கொண்டு போய்வாருங்கள். குடும்பம் சின்ன ஏரியில், நீங்கள் ஒரே ஒரு நாள் பெரிய ஏரியில். வழிகாட்டியிடம் அந்த ஒரு நாளில் கற்பது, தனியாகப் போராடும் ஒரு வாரத்தைத் தாண்டும்.

படி 5: ரிசார்ட்டுக்குப் போன் போடுங்கள்

மின்னஞ்சல் வேண்டாம், போன்தான். கரை மணலா, சேறா என்று நேரடியாகக் கேளுங்கள். "இயற்கையான கரை" என்று பதில் வந்தால் சேறு என்று புரிந்துகொள்ளுங்கள். கரையிலிருந்து நீருக்குள் நீளும் மேடையில், அதாவது டாக்கில் நின்று பிள்ளைகள் என்ன பிடிப்பார்கள் என்று கேளுங்கள். புளூகில், பெர்ச் என்று சின்ன மீன்களின் பேர் பதிலாக வர வேண்டும். ஒரு தக்கை, சின்னத் தூண்டில் முள், துண்டு மண்புழு இருந்தால் ஐந்து வயதுப் பிள்ளைகூடப் பத்து நிமிடத்தில் ஒன்றைத் தூக்கிவிடும். நீங்கள் வெறுங்கையோடு திரும்பும்போது அந்தப் பிள்ளை உங்களைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே!

நீந்துபவர்களுக்கு அரிப்பு வருமா என்றும் கேட்டுவிடுங்கள். நத்தையிலிருந்து வரும் ஒரு நுண்ணிய ஒட்டுண்ணியால் சில ஏரிகளில் கோடையில் அப்படி வரும். கரையேறியதும் துண்டால் அழுத்தித் துடைத்தால் பெரும்பாலும் தப்பலாம். மஸ்கி கடிக்குமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். மிக மிக அரிதாக யாராவது காலில் கடி வாங்கிய செய்தி வருவதுண்டு. நான் மகளிடம் உண்மையைச் சொன்னேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டுக் குதித்தாள்.

கேபினில் அடுப்பு எத்தனை, படகு நிறுத்தும் இடம் வாடகையில் சேர்த்தியா, பாண்டூன் படகு (மிதவைகள் மேல் அகன்ற தட்டையான தளம் கொண்டது) நாள் வாடகைக்குக் கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். பாண்டூன் இருந்தால் தயிர்சாதத்தோடு மொத்தக் குடும்பமும் ஏறிக்கொள்ளலாம். குக்கரையும் கறிவேப்பிலையையும் வீட்டிலிருந்தே எடுத்துப்போங்கள்.

படி 6: வாரத்தைக் குறியுங்கள்

வடக்கு விஸ்கான்சினில் மஸ்கி பருவம் மே கடைசியில், மெமோரியல் டே என்கிற திங்கட்கிழமை விடுமுறைக்கு முந்தைய சனிக்கிழமை திறக்கிறது. மினசோட்டாவில் ஜூன் முதல் சனி. மே கடைசியில் தண்ணீரில் கால் வைக்க முடியாது, அவ்வளவு குளிர். செப்டம்பர் மஸ்கிக்கு அருமை, பள்ளிக்கூடம் விடாது. ஜூன் கடைசி முதல் ஜூலை நடு வரை என்பது என் கணக்கு. கொசு இருக்கும், மருந்து பூசிக்கொள்ளுங்கள். கோடை உச்சத்தில் தண்ணீர் 80 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் மஸ்கியை விட்டுவிட்டு வேறு மீனுக்குப் போங்கள். அந்தச் சூட்டில் போராடிய மீன், நீங்கள் பத்திரமாக விட்டாலும் அப்புறம் செத்துப்போகலாம்.

படி 7: கிளம்புவதற்கு முன்

பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விஸ்கான்சினில் லைசென்ஸ் வேண்டாம். வெளிமாநிலக் குடும்பங்களுக்குச் சேர்த்து எடுக்கும் லைசென்ஸும் உண்டு. மஸ்கியை வைத்துக்கொள்ள மாநிலம் முழுதுக்கும் பொதுவான அளவு 40 அங்குலம், ஆனால் ஏரிக்கு ஏரி மாறும். உங்கள் ஏரியின் விதியைப் பார்த்துவிடுங்கள். கிட்டத்தட்ட எல்லாரும் பிடித்து விட்டுவிடுகிறவர்கள்தான்.

எட்டு அடிக்குக் குறையாத ராட் (தூண்டில் கோல்), 80 பவுண்டு தாங்கும் பின்னல் லைன், அதன் நுனியில் கட்ட மீனின் பல்லுக்கு அறுபடாத லீடர், லூர் என்கிற செயற்கை இரைகளில் முடிக்குஞ்சம் வைத்த பக்டெயில் இரண்டு, நீர்மேல் ஓடும் டாப்வாட்டர் ஒன்று. இவ்வளவு போதும். ஆனால் பெரிய வலை, நீண்ட மூக்குக் குறடு, தூண்டில் முள்ளை வெட்டும் கட்டர் மூன்றும் இல்லாமல் போகாதீர்கள். மீனை வலைக்குள், தண்ணீரிலேயே வைத்து முள்ளை எடுங்கள். போட்டோவுக்குத் தூக்கினால் வயிற்றைத் தாங்கிக் கிடைமட்டமாகத் தூக்குங்கள், தாடையைப் பிடித்துத் தொங்கவிட வேண்டாம்.

ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் லூரைத் தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமல், ராட் நுனியை நீருக்குள் அமிழ்த்தி, படகோரமாகப் பெரிய எட்டு போடுங்கள். பின்னாலேயே வந்த மீன் அந்த வளைவில்தான் பாயும். என் முதல் மஸ்கி அப்படித்தான் வந்தது, ராட் நுனியிலிருந்து இரண்டடியில். முப்பத்தாறு அங்குலம், ஏ2 ஏரி, ராத்திரி எட்டே முக்கால். டாக்கில் உட்கார்ந்திருந்த மாமியாருக்கு நான் போட்ட கூச்சல் கேட்டதாம்.

ஊருக்குக் கிளம்பும்போது படகிலும் டிரெய்லரிலும் ஒட்டிய பாசியை உருவிப் போட்டுத் தண்ணீரை முழுக்க வடித்துவிடுங்கள், அது சட்டம். ஏரி பிடித்திருந்தால், சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போதே அடுத்த வருடத்துக்கும் அதே கேபினை, அதே வாரத்துக்குக் கேட்டுவிடுங்கள். இந்த ரிசார்ட்டுகளில் பழைய ஆட்களுக்குத்தான் முதல் உரிமை. ஜனவரியில் போன் போட்டால் சேற்றுக் கரைதான் மிஞ்சியிருக்கும்.