ஐடிஐ மாணவர்களின் கேம் பழக்கத்தை அளக்கப் போகிறவர்களுக்கு

ப்ராஜெக்டுக்காக ஐடிஐக்கு வினாத்தாள் கட்டோடு போகிறவர்களின் ரிப்போர்ட்டுகள் வருடா வருடம் என் மேசைக்கு வருகின்றன. நாங்கள் விழுந்த அதே குழிகள்தான். விடுபட்ட கேள்வி, கூட்டல் பிழை எல்லாம் கைடு பார்த்துக்கொள்வார், விடுங்கள்.

மணிக்கணக்கு

அதிக நேரம் ஆடுகிறான் என்பது மட்டும் பிரச்சினை ஆகாது.

கட்-ஆஃப்

இதுதான் இன்னும் எரிச்சல். கேம் அடிமைத்தனத்தை அளக்க லெமன்ஸ் என்ற ஆய்வாளரின் குழு 2009இல் வெளியிட்ட ஏழு கேள்வி அளவுகோலில் 'சில நேரங்களில்' என்று டிக் அடித்தாலே அந்த அறிகுறி இருப்பதாகக் கணக்கு. ஏழில் நான்கு போதும் என்பது தளர்வான முறை, ஏழும் வேண்டும் என்பது கடுமையான முறை. பான்டெஸ், கிரிஃபித்ஸ் என்ற ஆய்வாளர்கள் 2015இல் தந்த ஒன்பது கேள்வி அளவுகோலிலோ, கடுமையாகப் பார்த்தால், ஐந்து கேள்விக்காவது 'மிக அடிக்கடி' என்று பதில் வரவேண்டும். சரி, ஒரு ஃபிட்டர் டிரேடு பையன் இரண்டிலும் எல்லாவற்றுக்கும் 'சில நேரங்களில்' என்று அடிக்கிறான் என்று வையுங்கள். முதலாவதில் கடுமையான முறையிலேயே மாட்டிக்கொள்வான். இரண்டாவதில் கேள்விக்கு மூன்று வீதம் 45க்கு 27 மதிப்பெண் வாங்கினாலும் ஒரு அறிகுறிகூடத் தேறாது.

எந்த முறை என்றே சொல்லாமல் 'பாதி வகுப்பு அடிமை' என்று எழுதி, பெயர்ப் பட்டியலோடு முதல்வரிடம் கொடுத்த ஒரு கோஷ்டி உண்டு. பெற்றோரை வரவழைத்தார்கள். எலக்ட்ரீஷியன் டிரேடு பையன் ஒருவனின் போனை அவன் அப்பா பிடுங்கி வைத்துக்கொள்ள, அந்த போனை நம்பி அவன் சாயங்காலம் பார்த்துவந்த டெலிவரி வேலை போயிற்று. கேம் போச்சோ இல்லையோ, வருமானம் போச்சு. வினாத்தாள் சல்லடைதான், நோய் என்று முத்திரை குத்துவது அதன் வேலை இல்லை. 2022 முதல் நடைமுறையில் உள்ள ஐசிடி-11, அதாவது உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, கட்டுப்பாடு கைமீறுவதோடு படிப்பு, குடும்பம், வேலை இவற்றில் கணிசமான பாதிப்பும் இருக்கிறதா என்று பார்க்கிறது. ப்ராக்டிகலுக்கு வருகிறானா, பட்டறையில் கொடுத்த ஜாப்பை முடித்துக் காட்டுகிறானா என்று பயிற்றுநரிடம் கேட்டீர்களா?

'கடந்த 12 மாதங்களில்'

பத்தாவது முடித்துச் சேர்ந்த பையனிடம் அக்டோபரில் இப்படிக் கேட்டால் பொதுத்தேர்வு, மே மாத விடுமுறை எல்லாம் கலந்து வரும். சேர்ந்த பிறகு எப்படி என்று தனியாகவும் கேளுங்கள்.

ரம்மி

பணம் வைத்து ஆடுவது சூதாட்டக் கணக்கு. இதில் சேர்க்காதீர்கள்.

அன்றைக்கு வராதவர்கள்

விடிய விடிய ஆடியவன் காலை ஷிஃப்டுக்கு வந்திருக்கவே மாட்டான். வராதவர்கள் பட்டியலை வாங்கிக்கொண்டு இன்னொரு நாள் போங்கள்.