சால்மன் ஆற்றுக்கு அவசரமாகப் போகாதீர்கள்

லாட்ஜ் என்ற சொல்லிலேயே முதல் குழப்பம் ஆரம்பித்துவிடுகிறது. நமக்கு லாட்ஜ் என்றால் பஸ் நிலையத்துக்கு எதிரே, படிக்கட்டு மூலையில் வெற்றிலைக் கறையோடு, ஓர் இரவுக்கு அறை கிடைக்கும் இடம். சால்மன் மீனுக்குப் பேர்போன கனடாவின் ரெஸ்டிகூஷ் ஆற்றங்கரையில் அது வேறு பொருள். மரத்தால் கட்டிய பழைய வீடு, அதன் எதிரே ஆற்றின் ஒரு துண்டு, அந்தத் துண்டில் தூண்டில் போடும் உரிமை: இவை மூன்றும் சேர்ந்தால்தான் லாட்ஜ். உரிமை இல்லாவிட்டால் அது வெறும் வீடு. பணம் கட்டுவதற்கு முன்பு இதைக் கேட்காமல் விடுவதுதான் பலர் செய்யும் முதல் தவறு.

இந்த ஆறு ஓரிடத்தில் கியூபெக், நியூ பிரன்ஸ்விக் என்ற இரு மாகாணங்களுக்கும் எல்லையாகிறது. 1876இல் இன்டர்கலோனியல் ரயில் பாதை முடிந்ததும் நியூயார்க், மான்ட்ரியல் பணக்காரர்கள் இங்கே சுலபமாக வர முடிந்தது. 1880இல் ஆற்றங்கரை ஊரான மட்டபீடியாவில் ரெஸ்டிகூஷ் சால்மன் கிளப் உருவானது. நியூயார்க்கின் வாஷிங்டன் சதுக்க வளைவை வடிவமைத்த ஸ்டான்ஃபோர்டு வைட்தான் இந்தக் காட்டுக்குள் கேம்ப் ஹார்மனி, கெட்ஜ்விக் லாட்ஜ் ஆகியவற்றையும் வடிவமைத்தார். படத்தைப் பார்த்ததும் அங்கேயே தங்க ஆசை வரும். ஆனால் புகழ்பெற்ற பழைய வீடுகளில் பல தனியார் கைகளில் இருக்கின்றன; உறுப்பினரோ அவருடைய விருந்தாளியோ அல்லாதவருக்கு அங்கே அறை இல்லை. நியூ பிரன்ஸ்விக்கில் பல இடங்களில் மீன்பிடி உரிமை கரை நிலத்தோடு ஒட்டியது. கனடா உச்ச நீதிமன்றம் 1882இலேயே அதை உறுதி செய்துவிட்டது. ஆகவே தண்ணீர் பொதுவாகத்தானே ஓடுகிறது என்று எங்கு வேண்டுமானாலும் இறங்கிவிட முடியாது. கியூபெக் பக்கத்தில் மட்டபீடியா ஆற்றில் ஒரு நாள் அனுமதிச் சீட்டு வாங்கி மீன் பிடிக்கலாம். கையில் காசு குறைவாக இருந்தால் அதுதான் நல்ல வழி. நியூ பிரன்ஸ்விக் பக்கம் வெளியூர்க்காரர்கள் உரிமம் பெற்ற கைடு இல்லாமல் சால்மன் பிடிக்கக் கூடாது.

அடுத்தது பயணம். டொராண்டோவிலிருந்து 1,200 கிலோமீட்டருக்கு மேல். இதை ஒரே மூச்சில் ஓட்டிவிடலாம் என்று நினைப்பவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். செயின்ட் லாரன்ஸ் கரையை விட்டு 132ஆம் நெடுஞ்சாலை மட்டபீடியா பள்ளத்தாக்குக்குள் திரும்பும்போது இருட்டிவிட்டால், எதிரே வரும் வண்டிகளைவிட மூஸ் என்ற ராட்சத மான்தான் பெரிய ஆபத்து. வளர்ந்த ஆண் மூஸ் 400 கிலோவுக்கு மேல் இருக்கும், கால்களோ நெடியவை. கார் அந்தக் கால்களைத் தட்டினால் உடல் முழுவதும் முன்கண்ணாடி மேல் வந்து விழும். வழியில் ரிமூஸ்கி ஊரில் ஓர் இரவு தங்கிவிட்டுக் காலையில் கிளம்புங்கள். ரயிலும் இருக்கிறது. 1904இல் தொடங்கிய ஓஷன் ரயில் மான்ட்ரியலிலிருந்து இரவெல்லாம் ஓடி மட்டபீடியாவில் நிற்கும். ஆனால் வாரத்தில் மூன்று நாள் மட்டுமே. அறையை முதலில் பதிவு செய்துவிட்டு ரயிலைத் தேடினால் கிழமை ஒத்துவராது.

இனி நான் செய்த தவறு. கியூபெக்கின் கடிகாரத்தைவிட நியூ பிரன்ஸ்விக்கின் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தியது. கியூபெக்கிலிருந்து ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் ஒரு மணி நேரம் காணாமல் போய்விடும். ஆறு மணிக்குச் சாப்பாடு, ஏழுக்குப் படகு என்று சொல்லியிருந்தார்கள். நான் என் கைக்கடிகாரத்தில் ஐந்தே முக்கால் பார்த்துக்கொண்டு, நேரத்துக்கு வந்துவிட்ட பெருமையோடு உள்ளே நுழைந்தேன். மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கைடு கரையில், படகின் விளிம்பில் உட்கார்ந்து காத்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் உறுத்தியது. ஆற்றோரத்தில் செல்பேசியையும் நம்ப முடியாது. அக்கரைக் கோபுரத்தின் அலையைப் பிடித்தால் அதுவே மணியை மாற்றிக் காட்டும். ஒரு சாதாரணக் கடிகாரத்தை லாட்ஜின் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வாரம் போகிறோம் என்பதும் முக்கியம். பிள்ளைகளுக்கு விடுமுறை என்று ஆகஸ்டைத் தேர்ந்தெடுப்பது நம் வழக்கம். பெரிய மீன்கள் ஜூனிலேயே ஏறத் தொடங்கிவிடும். கடலில் ஒரே ஒரு குளிர்காலத்தைக் கழித்துத் திரும்பும் சிறிய சால்மனை கிரில்ஸ் என்பார்கள். அது ஜூலையை ஒட்டி வரும். ஆகஸ்டில் நீர் வற்றி வெதுவெதுப்பாகும். 20 டிகிரியைத் தாண்டினால் மீன் திணறும், அப்போது தூண்டில் போடுவதே பாவம். ஜூனில் போனால் கறுப்பு ஈக்கள் மொய்க்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். பூச்சி மருந்தைக் கையில் தடவினால் உள்ளங்கையைத் துடைத்துவிட்டு நூலைத் தொடுங்கள். டீட் என்ற ரசாயனம் கலந்த மருந்து தூண்டில் நூலின் மேற்பூச்சைக் கரைத்துவிடும்.

ஐஸ் பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மீன் குழம்புக் கனவு! நியூ பிரன்ஸ்விக்கில் பெரிய சால்மனை 1984 முதலும், சிறியதை 2015 முதலும் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். கியூபெக்கில் ஆற்றுக்கு ஆறு விதி மாறும். குழம்பு வேண்டுமென்றால் டொராண்டோ கடையிலேயே பண்ணை மீன் கிடைக்கும். தூண்டில் முள்ளிலும் விதி உண்டு. நுனியில் பின்னோக்கி நிற்கும் சிறு கூர் இருக்கக் கூடாது. வீட்டிலேயே குறட்டால் அதை நசுக்கிவிட்டு வாருங்கள், கரையில் நின்று கைடின் நேரத்தைத் தின்ன வேண்டாம். வேறு ஆற்றில் நனைந்த காலணியை அப்படியே கொண்டுவருவதும் தவறு. பாறைகளில் கோழைபோல் படரும் டிடிமோ பாசி 2006இல் மட்டபீடியாவில் கண்டுபிடிக்கப்பட்டது. கழுவி, நன்றாகக் காயவைத்து எடுத்து வாருங்கள்.

படகில் ஏறியபின் வரும் தவறுகள் இரண்டு. அவற்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ரெஸ்டிகூஷில் 26 அடி நீளக் கனூவின் நடுவில் நீங்கள் இருப்பீர்கள், பின்னால் கைடு. அவர் நங்கூரத்தை இறக்கியதும் புதியவர்கள் செய்வது, கையில் உள்ள வித்தையையெல்லாம் காட்டி நூலை அக்கரை வரை வீசுவது. காலடியில் கிடக்கும் மீன் அந்த முதல் வீச்சிலேயே கலைந்துவிடும். முறை வேறு. முதலில் குட்டையான நூல், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. பிறகு ஒரு முழம் கூட்டி மறுபடி இரண்டு. ஈ (பூச்சிபோல் இறகும் நூலும் கட்டிய முள்ளைத்தான் இங்கே ஈ என்பார்கள்) நீரோட்டத்தோடு வளைந்து வந்து நேராக நின்றதும் அடுத்த வீச்சு. கைக்கு எட்டும் தூரம் முடிந்ததும் கைடு நங்கூரத்தை உயர்த்தி, படகைச் சிறிது தூரம் கீழே நழுவவிட்டு, மறுபடி இறக்குவார். பாய் முடைவதுபோல் ஆற்றை இழை இழையாகத் தடவிக்கொண்டு போகும் வேலை இது. சலிப்பாகத்தான் இருக்கும். அந்தச் சலிப்பில் ஓர் இழையைத் தவறவிட்டால் மீன் அங்கேதான் இருந்திருக்கும் என்று என் கைடு சொல்வார். அது உண்மையா, என்னைச் சீண்டியதா என்பது இன்றும் எனக்குத் தெரியாது.

இரண்டாவது, சுண்டி இழுப்பது. குளத்தில் மண்புழு கோத்து, தக்கை அமிழ்ந்ததும் சுண்டிப் பழகிய கைகள் நம்முடையவை. சால்மன் ஆற்றுக்குள் வந்தபின் இரை எடுப்பதில்லை. ஆனாலும் ஈயை வாயில் கவ்வி, திரும்பிக் கீழே போகும். அந்தத் திரும்பலில்தான் முள் வாயோரத்தில் ஏறும். தண்ணீரில் சுழிப்பைக் கண்டதும் கோலைத் தூக்கினால் ஈ வாயிலிருந்து வெறுமனே வெளியே வந்துவிடும். பாரம் கையில் தெரியும் வரை சும்மா இருக்க வேண்டும். பழைய ஆங்கிலேயத் தூண்டில்காரர்கள் ‘கடவுள் அரசியைக் காப்பாராக’ என்று மெதுவாகச் சொல்லி முடித்துவிட்டுக் கோலை உயர்த்து என்பார்கள். நான் முருகனைக் கூப்பிட்டேன்; இரண்டு முறை அவசரமாகக் கூப்பிட்டுவிட்டேன். மாட்டிய மீன் துள்ளினால் கோலைத் தாழ்த்துங்கள். நூல் தளர்ந்திருந்தால் அறுந்து போகாது.

கரை சேர்ந்த மீனை மார்போடு அணைத்துப் படம் எடுப்பது வேண்டாம். தண்ணீரிலேயே, நீரோட்டத்தைப் பார்த்தபடி, வாலின் அடியைப் பிடித்துக்கொண்டிருங்கள். அது தானாக உதறிக்கொண்டு போகும்.

ஆற்றின் கதையைக் கிளப் உறுப்பினர்களின் கதையாக மட்டும் கேட்டுவிட்டு வருவதும் பிழை. இது மிக்மாக் பழங்குடி மக்களின் லிஸ்டுகுஜ் நிலம். 1981 ஜூனில், அவர்கள் சால்மனுக்கு வலை போடுவதைத் தடுக்க, கியூபெக் போலீசார் நூற்றுக்கணக்கில் வந்து இரண்டு முறை சோதனை நடத்தினார்கள். மதிய ஓய்வில் கைடு இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

கிளம்பும்போது கைடுக்குக் கொடுக்கும் அன்பளிப்பை ரொக்கமாக எடுத்துச் செல்லுங்கள். ஆற்றின் மேற்பகுதியில் ஏடிஎம் கிடையாது.