வேலூரில் வாங்கிய கல்விக் கடனோடு இங்கிலாந்துக்கு வந்தவர்களுக்கு

அறை பிடிப்பது, சிம் கார்டு வாங்குவது, எந்தக் கடையில் பொன்னி அரிசி கிடைக்கும் என்பதையெல்லாம் சொல்லித்தர இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதுவது கடனைப் பற்றி மட்டும். காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர் என்று நம் பழைய வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துவிட்டு விமானம் ஏறிய தம்பி தங்கைகளுக்காக இது.

வந்த கொஞ்ச நாளிலேயே ஒரு பேச்சு உங்கள் காதில் விழும். எனக்கு அது நான் பகுதி நேரமாக வேலை பார்த்த கடையின் கிடங்கில் விழுந்தது. கூட வேலை செய்த உள்ளூர்ப் பையன், "ஸ்டூடண்ட் லோனுக்கா இவ்வளவு கவலைப்படுகிறாய்? சம்பளத்தில் கொஞ்சம் பிடிப்பார்கள், முப்பது வருஷம் கழித்துத் தள்ளுபடி ஆகிவிடும்" என்றான். அவன் சொன்னது அத்தனையும் உண்மை, அவனுடைய கடனைப் பொறுத்தவரை. அதைக் கேட்டு நான் ஐந்தாறு மாதம் மெத்தனமாக இருந்துவிட்டேன். நீங்கள் அப்படி இருந்துவிடக் கூடாது.

அவன் கடன் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்ப்போம். இங்கிலாந்து மாணவருக்குக் கடன் கொடுப்பது அரசாங்கம். அதை நிர்வகிப்பது ஸ்டூடண்ட் லோன்ஸ் கம்பெனி. 2012-லிருந்து 2023 ஜூலை வரை பட்டப்படிப்பில் சேர்ந்தவர்களுக்கு 'பிளான் 2'. 2025-26 கணக்குப்படி வருடச் சம்பளம் 28,470 பவுண்டைத் தாண்டினால்தான் பிடித்தம். அதுவும் தாண்டிய தொகையில் 9% மட்டும். 30,470 பவுண்ட் வாங்குகிறவருக்கு மாதம் 15 பவுண்ட் போகும். வேலை போனால் ஒன்றும் கட்ட வேண்டாம். 30 வருடம் முடிந்தால் மீதி தள்ளுபடி. 2023 ஆகஸ்டு முதல் சேர்ந்தவர்களுக்கு 'பிளான் 5': வரம்பு 25,000 பவுண்டாகக் குறைந்தது, தள்ளுபடிக்கு 40 வருடம் காத்திருக்க வேண்டும். வட்டியும் பாக்கியும் எவ்வளவு ஏறினாலும் அவர்கள் வீட்டுக்கு யாரும் நோட்டீஸ் ஒட்டப் போவதில்லை.

அப்படியானால் திரும்பி வராத பணத்தை யார் சுமக்கிறார்கள்? வரி கட்டுகிறவர்கள். கொடுக்கும்போதே ஒரு பங்கு திரும்பாது என்று அரசாங்கத்துக்குத் தெரியும். ரொம்ப காலம் அது அரசாங்கத்தின் பற்றாக்குறைக் கணக்கில் தெரியாமலே இருந்தது. முழுத் தொகையும் 'கடன்' என்றே எழுதப்பட்டு, தள்ளுபடி நாள் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டது. 2018 டிசம்பரில் பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம், திரும்பாது என்று எதிர்பார்க்கும் பங்கைக் கடன் கொடுக்கும் ஆண்டிலேயே செலவாக எழுத வேண்டும் என்று முடிவு செய்தது. அதற்கு ஒரு வருடம் முன்னால், 2017-ல், பழைய கடன்களில் ஒரு பகுதியை அரசாங்கம் தனியார் முதலீட்டாளர்களுக்கு விற்றது. ஏட்டில் 350 கோடி பவுண்ட் இருந்த கடனுக்குக் கிடைத்தது 170 கோடி. கிட்டத்தட்ட பாதி. இந்த நாட்டு அரசாங்கம் தன் பிள்ளைகளின் படிப்புக்காக ஏற்றுக்கொண்ட செலவு அது. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

ஆனால் மாணவர் விசாவில் வந்த நமக்கு அந்தக் குடையின் நிழல் கிடையாது. நம் கடன் வங்கிக் கடன். உடன் கையெழுத்துப் போட்டவர் அப்பா. அடமானம் சத்துவாச்சாரியிலோ தொரப்பாடியிலோ இருக்கும் வீடு. சம்பளம் வந்தாலும் வராவிட்டாலும் குறித்த தேதியில் தவணை விழும். விடாமல் தவறினால் முதலில் கடன் நம்பகத்தைக் காட்டும் சிபில் மதிப்பெண் இறங்கும், உங்களுக்கு மட்டும் இல்லை, அப்பாவுக்கும் சேர்த்து. அப்புறம் வங்கிக் கடன் வசூலுக்கான சர்ஃபேசி சட்டப்படி சொத்து மேல் நடவடிக்கை எடுக்க வங்கிக்கு அதிகாரம் உண்டு.

நம் இந்திய அரசாங்கமும் கல்விக் கடனில் கொஞ்சம் சுமக்கத்தான் செய்கிறது. அடமானம் இல்லாத 7.5 லட்சம் வரையிலான கடன்களுக்கு, கட்டாமல் போனால் வங்கிக்கு ஈடுகட்டும் உத்தரவாத நிதி இருக்கிறது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்துக்கு ஏழு ஆண்டுகளுக்கு 3,600 கோடி ரூபாய். அது உள்நாட்டில் படிப்பவர்களுக்கு. வெளிநாட்டில் படிக்கும் சிறுபான்மை மாணவர்களின் கடன் வட்டியை ஏற்றுக்கொண்ட 'படோ பர்தேஷ்' 2022-23-லிருந்து நின்றுவிட்டது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய கைத்தாங்கலாக இருந்திருக்கும்! நிறுத்தியது தவறு என்றே நான் நினைக்கிறேன்.

சரி, இப்போது செய்ய வேண்டியதற்கு வருவோம்.

வேலையில் சேரும்போது 'ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட்' என்று ஒரு படிவம் தருவார்கள். அதில் ஸ்டூடண்ட் லோன் உண்டா என்று ஒரு கேள்வி வரும். அது இந்த நாட்டு அரசாங்கக் கடனைப் பற்றிய கேள்வி. உங்கள் பதில் 'இல்லை'. என் அறையில் இருந்த ஆற்காட்டுப் பையன் நேர்மையாக 'ஆம்' என்று டிக் போட்டான். இரண்டு மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். பே-ஸ்லிப்பை அடுப்பங்கரை மேசையில் விரித்து வைத்து, "ஊர்க் கடன் தானாகவே கட்டப்படுகிறது அண்ணா" என்று சந்தோஷமாகச் சொன்னான். அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட வேலூருக்குப் போகவில்லை. திருப்பி வாங்க அவன் எத்தனை போன் போட்டான் என்பதை நான் பார்த்தேன். முதல் பே-ஸ்லிப் வந்ததும் அதில் ஸ்டூடண்ட் லோன் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்றே சம்பளப் பிரிவில் சொல்லுங்கள்.

அடுத்தது வட்டி. இதில்தான் நம் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்று வங்கியில் சொல்லியிருப்பார்கள். சில இடங்களில் ஆறு மாதம்தான். தவணைக்குத்தான் அந்த விடுமுறை, வட்டிக்குக் கிடையாது. 20 லட்சம், 10.5% வட்டி என்று வைத்துக்கொள்வோம். மாத வட்டி 17,500 ரூபாய். இரண்டு வருடத்தில் 4.2 லட்சம். கட்டாமல் விட்டால் அது அசலோடு சேர்ந்து 24.2 லட்சம் ஆகும். பத்து வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 32,650 ரூபாய். வட்டியை அப்போதைக்கப்போது கட்டி வந்திருந்தால் சுமார் 27,000-தான். பத்து வருடத்தில் வித்தியாசம் 6.8 லட்சம்.

அந்த 17,500 எங்கிருந்து வரும்? பவுண்டுக்கு 110 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 159 பவுண்ட். குறைந்தபட்சக் கூலி 2025 ஏப்ரலில் மணிக்கு 12.21 பவுண்ட் ஆனது. பதின்மூன்று மணி நேர வேலை. கல்லூரி நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் அனுமதி, அதைத் தாண்டவே தாண்டாதீர்கள், விசாவுக்கு ஆபத்து. அந்த அளவுக்குள்ளேயே மாதத்தில் ஒரு வாரச் சம்பளத்தை வட்டிக்கென்று ஒதுக்க முடியும். முழுதாக முடியாவிட்டால் பாதியாவது கட்டுங்கள். படிக்கும்போதே வட்டி கட்டுகிறவர்களுக்கு வட்டி விகிதத்தில் 1% சலுகை தரும் வங்கிகளும் உண்டு. கடனை அனுமதித்து வங்கி தந்த சாங்ஷன் லெட்டரை எடுத்து ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.

படிப்புக்குப் பிந்தைய கிராஜுவேட் விசா இரண்டு வருடம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு, முனைவர் பட்டம் முடித்தவர்கள் தவிர, 18 மாதம்தான். தவணை தொடங்கும் நாளையும் விசா முடியும் நாளையும் ஒரே தாளில் எழுதி அறைச் சுவரில் ஒட்டிவையுங்கள். வேலை தேட உங்களுக்கு இருக்கும் அவகாசம் அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில் தெரியும்.

பணம் அனுப்ப, வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வங்கியில் வைத்துக்கொள்ளும் என்.ஆர்.இ. கணக்கு ஒன்று திறந்து, அதிலிருந்து நேராகக் கடன் கணக்குக்குப் போகும்படி செய்யுங்கள். அப்பா கணக்குக்கு அனுப்பி அவர் வரிசையில் நின்று கட்டும் ஏற்பாடு, வீட்டில் ஒரு கல்யாணமோ ஆஸ்பத்திரிச் செலவோ வந்தால் அந்த மாதமே உடைந்துவிடும். வங்கியின் குறுஞ்செய்தி உங்கள் எண்ணுக்கும் வருகிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் எல்லாம் அப்பாவின் பட்டன் போனுக்கே போயின. ஆங்கிலத்தில் வந்த நினைவூட்டல்கள் நாலைந்தை அவர் விளம்பரம் என்று அழித்துவிட்டார்.

வேலை கிடைக்கத் தாமதமானால் தவணை தவறுவதற்கு முன்பே கிளைக்கு எழுதுங்கள். காலத்தை நீட்டித் தர அவர்களிடம் வழி இருக்கிறது, கேட்டால்தான் கிடைக்கும். தவறிய பின் கேட்டால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

முழுதும் கட்டி முடித்ததும் அசல் பத்திரத்தை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. 2023 டிசம்பர் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. பத்திரம் கைக்கு வந்ததோடு விட்டுவிடாமல், சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமானத்தை ரத்து செய்யும் ரசீதைப் பதிய வைத்து, புது வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அப்பா அந்தச் சான்றைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார், ரசீது பதிவான வரியின் மேல் அவருடைய விரல் இருந்தது.