"மாமாவுக்கு ஒரு பாட்டுப் பாடிக் காட்டு": வீட்டில் பிள்ளைகளுக்கு இசை பழக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

வீட்டுக்கு ஆள் வந்தால் போதும், காபி வருவதற்குள் பிள்ளையைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்திவிடுவோம். "மாமாவுக்கு ஒரு பாட்டுப் பாடிக் காட்டு." பிள்ளை அம்மாவின் முந்தானைக்குள் ஒளியும். இழுத்து வந்து மறுபடி நிறுத்துவோம். நானும் என் மகளை நாலு வயதில் இப்படி நிறுத்தியவன்தான். அப்புறம் அவள் குளிக்கும்போது முணுமுணுப்பதைக்கூட, என் காலடிச் சத்தம் கேட்டால் நிறுத்த ஆரம்பித்தாள். பாட்டு என்றால் யாருக்கோ ஒப்பிக்கிற பாடம் என்று அவளுக்குப் பழக்கியது நான்தான். கேட்டு அனுபவிக்கப் பழகுவதற்கு முன்பே பாடச் சொல்வதுதான் நாம் செய்கிற முதல் தவறு.

அடுத்தது சுருதி விஷயம். நான் பாடுவது ஒரு கட்டைச் சுருதியில், ஆண்குரலுக்கு ஏற்ற தாழ்ந்த சுருதி அது. அதில் 'ச' பிடித்து, "கூடவே பாடு" என்றேன். அவளும் என்னைப் போலவே குரலை இறக்கி உறுமினாள். "இவளுக்குச் சுருதி சேராது" என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். ஒரு வாரம் கழித்து அவள் ஆயா (பாட்டி) தாலாட்டுப் பாட, கூடச் சேர்ந்து பாடியவள் ஒரு இம்மி விலகவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு ஆண்குரலைவிடப் பெண்குரலையோ இன்னொரு குழந்தையின் குரலையோ பிடிப்பதுதான் எளிது. அப்பாக்கள் பாடக் கூடாது என்பதில்லை, பாடலாம். ஆனால் பிள்ளை பிடிக்க முடியாமல் தடுமாறினால் குறை அதன் காதில்தான் என்று நினைத்துவிடாதீர்கள்.

தாளத்திலும் இதே அவசரம். ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, அப்புறம் தட்டும் வீச்சும் இரண்டு முறை. மூன்று வயதுப் பிள்ளைக்குச் சுண்டுவிரலைத் தனியாக மடக்கவே வராது. அதற்கு விரலைப் பிடித்துக் கணக்குச் சொல்லித் தருவானேன்? எங்கள் பக்கம் ராகிக்களி கிளறாத வீடு குறைவு. களி இறுகும்போது துடுப்பு பானையில் இடிக்கிற சத்தம் மாறிக்கொண்டே வரும். முதலில் வேகமாகச் சலசலவென்று, கடைசியில் நிதானமாக, கனமாக. "ஆயா இப்ப மெதுவா கிண்டுறாங்களா, வேகமாவா?" என்று கேட்டால் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டே சொல்லும். பாட்டின் வேகத்தைக் குறிக்கும் காலப்பிரமாணம் என்ற வார்த்தை பத்து வருடம் கழித்து வரட்டும்.

எனக்கு ரொம்ப வருத்தமான தவறு ஒன்று உண்டு. பாட்டு வகுப்புக்கு மாதாமாதம் பணம் கட்டுவோம். தெருமுனையில் பம்பை அடித்தால் ஜன்னலைச் சாத்துவோம், "அது வெறும் சத்தம்" என்போம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கோடை வந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும், ராத்திரியில் கூத்து. அங்கே முகவீணை என்ற சின்ன ஊதுகுழல் இருக்கிறது, ஆர்மோனியம் இருக்கிறது, மிருதங்கம், கைத்தாளம் இருக்கிறது. இரண்டு பேர் திரை பிடிக்க, வேடக்காரர் பின்னால் நின்று பாடிவிட்டுத்தான் முகம் காட்டுவார். பிள்ளைக்குக் காது பழக இதைவிட நல்ல விளையாட்டு ஏது? "குரலைக் கேட்டுச் சொல்லு, வரப்போறது கோபக்காரனா, அழுவறவங்களா?" ஓசூர்ப் பக்கத்து வீடுகளில் பாட்டி தெலுங்கிலோ கன்னடத்திலோ தாலாட்டுவார். பிள்ளை குழம்பிவிடும் என்று அதையும் சிலர் நிறுத்திவிடுகிறார்கள். பாட்டு வகுப்பில் முதலில் சொல்லித் தரும் சரளி வரிசையை வகுத்தவராகச் சொல்லப்படும் புரந்தரதாசரே கன்னடத்தில் பாடியவர்தான்.

கூத்துக்குப் போனால் ஒலிபெருக்கிக்குக் கீழே மட்டும் உட்காராதீர்கள். பிள்ளைகளுக்கு 75 டெசிபல் அளவில் வாரம் 40 மணி நேரம்தான் பாதுகாப்பான வரம்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். சத்தம் ஏற ஏற அந்த நேரம் மளமளவென்று குறையும். ஹெட்போனுக்கும் இதே கணக்குதான்.

மேற்கத்திய இசைமேதை மொசார்ட்டின் இசையைக் கேட்டால் மூளை வளரும் என்று தொட்டில் பக்கத்தில் போனை வைப்பவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பேச்சைக் கிளப்பிய, 1993-இல் வந்த ஆய்வு 36 கல்லூரி மாணவர்களிடம் நடந்தது. பலன் தெரிந்ததும் பத்துப் பதினைந்து நிமிடம்தான். அதில் குழந்தைகளே கிடையாது. இசை நன்றாக இருக்கிறது என்பதற்காகக் கேட்கக் கூடாதா என்ன?

நாள் முழுக்க டிவியில் பாட்டு ஓடுவதும் கெடுதல்தான். எப்போதும் ஓடுவதைக் காது சட்டை செய்யாது. ஒரே பாட்டை நாற்பது தடவை கேட்கிறதே என்று சலித்துக்கொண்டு மாற்றவும் வேண்டாம். நமக்குத்தான் அது பழைய பாட்டு, பிள்ளை ஒவ்வொரு தடவையும் அதில் வேறெதையோ கண்டுபிடித்துக்கொண்டிருக்கும்.

போன சித்திரையில் கூத்துக்குப் போய், முதல் ஒரு மணி நேரம் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினோம். மறுநாள் காலையில் கொல்லையில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். துண்டின் ஒரு முனை ஆயா கையில், மறுமுனை கொடிக்கம்பியில். அதற்குப் பின்னால் நின்று என் மகள் காலிக் குடத்தைத் தட்டித் தட்டி, வாய்க்கு வந்ததைக் கணீரென்று பாடிக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவோரமே நின்றுகொண்டேன்.