பல்கனியில் வெள்ளரி: கொழும்பில் முதல்முறை வளர்ப்பவர்களுக்கு

வெள்ளரிக்கு நிலம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். அதற்கு முக்கியம் வெயில்தான், ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது. கொட்டாஞ்சேனை வீட்டு மேல்மாடியோ வெள்ளவத்தைத் தொடர்மாடிப் பல்கனியோ, வெயில் எங்கே எவ்வளவு நேரம் விழுகிறது என்று இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள். கடல் பக்கப் பல்கனி என்றால் உப்புக் காற்று இளம் இலையின் ஓரத்தைக் கருக்கிவிடும், சுவர் மறைவில் வையுங்கள்.

அடுத்தது காலம். கொழும்பில் ஏப்ரல், மே மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மழை கொட்டித் தீர்க்கும். விதைத்து ஐந்தாம் வாரமளவில் கொடி பூக்கத் தொடங்கும். அந்த நேரம் பெருமழையில் மாட்டக் கூடாது. ஜனவரித் தொடக்கத்திலோ ஜூலையிலோ விதைத்தால் நல்லது.

சாடியும் மண்ணும்

ஒரு கொடிக்கு 15 முதல் 20 லீற்றர் கொள்ளும் சாடி வேண்டும். நன்றாகக் கழுவிய பழைய வாளியும் போதும், அடியில் ஐந்தாறு துளை போட்டுவிடுங்கள். மண், கூட்டெரு, தும்புச்சோறு மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்புங்கள். தும்புச்சோற்றில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தடவை தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே சேருங்கள்.

சாடிக்குக் கீழே தட்டு வேண்டவே வேண்டாம். அதில் தேங்கும் தண்ணீரில் டெங்கு நுளம்பு ஒரு வாரத்தில் பெருகிவிடும். இரண்டு செங்கல் மேல் சாடியைத் தூக்கி வையுங்கள், தண்ணீர் வடிந்து ஓடட்டும்.

விதையும் பந்தலும்

வெள்ளரி வேரைக் குழப்பினால் கொடி வாடும். நாற்று மேடையெல்லாம் இல்லாமல் நேராகச் சாடியிலேயே ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் இரண்டு விதை போடுங்கள். நம் வெப்பத்துக்கு மூன்று முதல் ஐந்து நாளில் முளைத்துவிடும். முளைத்ததும் விரியும் வித்திலைகளுக்குப் பிறகு உண்மை இலை இரண்டு வந்ததும் வலுவான கன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் அசையும்.

கொடி ஓடத் தொடங்கும் முன்பே ஐந்தாறு அடி உயரத்துக்குத் தும்புக் கயிறோ நைலோன் வலையோ கட்டிவிடுங்கள்.

தண்ணீர் காலையில், வேரில் மட்டும். கடும் வெயிலில் மாலையிலும் ஊற்றலாம். இலை நனைந்தபடி இருந்தால் பூஞ்சணம் வரும். மண் ஒருநாள் காய்ந்து மறுநாள் நனைந்து என்று மாறி மாறி இருந்தால் காய் கசக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி கூட்டெரு போடுங்கள். பூ வந்த பிறகு அல்பேர்ட் கரைசலை (தண்ணீரில் கரைத்து ஊற்றும் உரம்) பக்கட்டில் சொன்ன அளவில் கொடுக்கலாம்.

பூ: கவனம் முழுக்க இங்கே

முதலில் வரும் பூவெல்லாம் உதிரும். பலர் மனம் விட்டுப்போய்க் கொடியைக் கைவிடுவது இந்த இடத்தில்தான். பயப்படாதீர்கள், அவை ஆண் பூக்கள், உதிர்வது இயல்பு. பெண் பூ சில நாள் கழித்தே வரும். ஆண் பூவுக்குப் பின்னால் வெறும் மெல்லிய காம்பு. பெண் பூவுக்குப் பின்னால் சுண்டு விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளமான, பூனைமயிர் படர்ந்த குட்டி வெள்ளரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும்.

பெண் பூ வந்தும் குட்டிக் காய் மஞ்சளாகிச் சுருங்கி விழுந்தால், மகரந்தம் சேரவில்லை என்று அர்த்தம். ஐந்தாம் ஆறாம் மாடிக்குத் தேனீ வருவது குறைவு. அந்த வேலையை நாம் செய்ய வேண்டும். காலை ஒன்பது மணிக்கு முன், அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து இதழ்களை உரித்துவிடுங்கள். நடுவில் இருப்பதை விரலில் தொட்டால் மஞ்சள் தூள் ஒட்டும். அதைப் பெண் பூவின் நடுவிலுள்ள பிசுபிசுப்பான முடிச்சில் சுற்றிலும் மெதுவாகத் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாக வளரும். பெண் பூ ஒருநாள்தான் விரிந்திருக்கும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

மகரந்தம் இல்லாமலே காய்க்கும் கலப்பின விதையும் விற்கிறார்கள், பக்கட்டில் அதைக் குறிப்பிட்டிருப்பார்கள். உயர மாடியில் இருப்பவர்கள் அதையே வாங்குங்கள். இந்தத் தொல்லையே இல்லை.

பழ ஈயும் அறுவடையும்

பிஞ்சில் ஊசி குத்தியது போல் புள்ளி தெரிந்தால் பழ ஈ முட்டையிட்டிருக்கிறது. அந்தக் காயைக் கொடிக்குக் கீழே போடாமல் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் வைத்துவிட்டு எறியுங்கள். மற்றப் பிஞ்சுகளைக் கடதாசிப் பைக்குள் விட்டுக் காம்பருகே தளர்வாகக் கட்டுங்கள்.

மகரந்தம் சேர்ந்து எட்டு முதல் பன்னிரண்டு நாளில் காய் பறிக்கலாம். கையால் இழுக்காமல் காம்போடு வெட்டுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் இலைக்கடியில் தேடிப் பாருங்கள். ஒரு காய் முற்றி மஞ்சளாகிவிட்டால் கொடி புதுப் பூ விடுவதைக் குறைத்துவிடும். கொடி ஓய்ந்ததும் பிடுங்கிவிட்டு, அதே மண்ணில் அடுத்த தடவை பூசணி, பாகல் இனம் எதுவும் போடாமல் கீரையோ மிளகாயோ போடுங்கள்.