தேடலில் முன்னே வர ஆள் வைக்கிறீர்களா? கடைச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்

மும்பையில் சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலையில் என் சித்தப்பாவுக்குத் தோல் பைக் கடை இருக்கிறது. தாராவிக்காரர்களுக்கு அந்த வரிசை தெரியும். பை, பெல்ட், ஜாக்கெட் என்று கடைகள் தோளோடு தோள் உரசி நிற்கும். ஒரு மாலை, காட்கோபரிலிருந்து வழக்கமாக வரும் வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே நுழைந்ததுமே சத்தம் போட்டார்: "கூகுளில் இருக்கிற உங்கள் நம்பருக்குத்தான் போன் செய்தேன். எடுத்தவர் வேறு கடைக்கு வழி சொல்கிறாரே, என்ன இது?"

சித்தப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் கைபேசியை எடுத்துக் கடையின் பெயரைத் தேடினேன். பெயர் சரியாக இருந்தது. படங்களும் பல வருடமாகச் சேர்ந்த ரிவ்யூக்களும் எங்களுடையவைதான். போன் நம்பர் மட்டும் எங்களுடையது இல்லை.

விசாரித்தபோதுதான் கதை தெரிந்தது. சில மாதங்களுக்கு முன்பு வரை கூகுளில் தேடுகிறவர்களுக்கு எங்கள் கடை முன்னே தெரிவதற்கான வேலைகளை ஒரு ஏஜென்சி பார்த்துவந்தது. எத்தனை அழைப்பு வருகிறது என்று கணக்கெடுப்பதற்காக அவர்கள் தங்கள் நம்பர் ஒன்றை அங்கே போட்டிருந்தார்கள். அதில் வரும் அழைப்பு கடைக்குத் திரும்பும்படி அமைப்பு. ஒப்பந்தம் முடிந்தது, நம்பர் அப்படியே நின்றுவிட்டது, அழைப்புகள் வேறொரு கடைக்குத் திருப்பிவிடப்பட்டன. சரி, நாமே மாற்றிவிடலாம் என்று போனால் அதுவும் முடியவில்லை. கடையின் கூகுள் கணக்கே எங்கள் பெயரில் இல்லை.

வெளி ஆளை வைக்காதீர்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. காலை பத்து மணிக்கு ஷட்டரைத் தூக்கி இரவு ஒன்பதுக்கு இறக்குகிறவருக்கு இந்த வேலையைப் பார்க்க நேரம் ஏது? உதவி வேண்டும்தான். ஆனால் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் எனக்குத் தெரிந்த கடைக்காரர்கள் அந்த உதவியை வாங்கும் விதத்தில் ஒரே தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். அதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

முதல் தவறு, எல்லாவற்றையும்விடப் பெரியது, கணக்கை அவர்கள் பெயரில் தொடங்க விடுவது. கூகுள் மேப்பில் கடை தெரிவதற்கான கணக்கின் பெயர் கூகுள் பிசினஸ் புரொஃபைல். 2021 வரை கூகுள் மை பிசினஸ் என்று அழைக்கப்பட்டது இதுதான். இது முற்றிலும் இலவசம். இதில் முதன்மை உரிமையாளர், உரிமையாளர், மேலாளர் என்று மூன்று நிலைகள் உண்டு. முதன்மை உரிமையாளர் உங்கள் சொந்த ஜிமெயிலாக இருக்க வேண்டும். வேலைக்கு வருகிறவரை அவருடைய மின்னஞ்சல் வழியாக மேலாளராகச் சேர்த்தால் போதும். நேரத்தை மாற்றலாம், படம் ஏற்றலாம், ரிவ்யூவுக்குப் பதில் எழுதலாம். அன்றாட வேலை எல்லாமே நடக்கும். ஆனால் கடையை நீக்கவோ ஆட்களைச் சேர்க்கவோ விலக்கவோ அவரால் முடியாது. பாஸ்வேர்டைக் கேட்டால் கொடுக்காதீர்கள், அதற்குத் தேவையே இல்லை.

வெப்சைட்டுக்கும் இதேதான். டொமைன், அதாவது வெப்சைட்டின் முகவரி, யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். பல கடைகளில் அது ஏஜென்சியின் பெயரில்தான் இருக்கும். "சார், எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்ற பேச்சில் அது கரைந்து போயிருக்கும். டொமைன், ஹோஸ்டிங் (தளத்தின் கோப்புகள் இருக்கும் இடம்), கூகுள் சர்ச் கன்சோல் (கூகுள் தேடலில் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் கருவி) ஆகிய மூன்றும் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் போன் நம்பரில் இருக்கட்டும். வேலைக்கு வருகிறவர் தொடக்கத்தில் உங்கள் தளத்தைச் சோதித்துப் பார்க்க, சர்ச் கன்சோலில் பார்வையிடும் அனுமதி மட்டுமே போதுமானது. முதல் நாளே எல்லா அனுமதியும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் ஏன் என்று கேளுங்கள்.

கைவிட்டுப் போன கணக்கை மீட்க வழி உண்டு. உரிமையைக் கோரி கூகுளில் விண்ணப்பித்தால் இப்போதைய உரிமையாளருக்குத் தகவல் போகும். பதில் சொல்ல அவருக்கு 3 நாள் அவகாசம். எங்களுக்குப் பதில் வரவில்லை. பிறகு கடை எங்களுடையதுதான் என்று வீடியோவில் நிரூபிக்கச் சொன்னார்கள். வெட்டாமல், ஒட்டாமல், ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். எதிர்ச்சாரியில் நின்று சாலையைக் காட்டினேன், பக்கத்துக் கடைகளைக் காட்டினேன், எங்கள் பெயர்ப் பலகையைக் காட்டினேன். சித்தப்பா குனிந்து பூட்டைத் திறந்தார், ஷட்டரைத் தூக்கினார், கல்லாவுக்குப் பின்னால் போய் பில் புத்தகத்தை எடுத்து விரித்தார். இருபத்தைந்து வருடமாகத் தினமும் செய்கிற வேலை. அன்றைக்குக் கை நடுங்கியது. "என் கடை என்னுடையதுதான் என்று யாருக்குத் தம்பி நிரூபிக்கிறேன்?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கணக்கு திரும்பிவிட்டது. இடையில் எத்தனை அழைப்பு போயிற்று என்பது கணக்கில் வராது.

இரண்டாவது தவறு, "முதல் இடம் உறுதி" என்ற வாக்கை நம்புவது. இது எப்படி விற்கப்படுகிறது என்று அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். விற்க வருகிறவர் உங்கள் கடைக்குள் நின்றுகொண்டு தன் போனில் 'தோல் பைக் கடை' என்று தேடுவார். உங்கள் கடை மேலே வரும். "பார்த்தீர்களா? இந்த மூன்று மாத வேலை!" என்பார். அது அவர் வேலை இல்லை, அவர் நிற்கிற இடம். உள்ளூர்த் தேடலில் கூகுள் மூன்றைப் பார்க்கிறது: தேடியதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தேடுகிறவருக்கும் கடைக்கும் உள்ள தூரம், கடை வெளியுலகில் எவ்வளவு பிரபலம் என்பது. கடைக்குள் நின்று தேடினால் தூரம் பூஜ்யம், மேலே வராமல் எங்கே போகும்? முலுண்டில் இருக்கும் மச்சானிடமும் அந்தேரியில் வேலை செய்யும் தங்கையிடமும் தேடச் சொல்லிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூன்று பேருக்கும் மூன்று வரிசை வரும். அப்படியிருக்க "முதல் இடம்" என்றால் யாருடைய போனில் முதல் இடம்?

கூகுளே இதை எழுதி வைத்திருக்கிறது. முதல் இடத்தை யாராலும் உறுதி தர முடியாது. உள்ளூர் வரிசையில் மேலே வரப் பணம் கட்டும் வழியும் கிடையாது. விளம்பரம் வேறு. அதற்குப் பணம் கட்டலாம், ஆனால் அது விளம்பரம் என்ற அடையாளத்தோடுதான் வரும். "நாங்கள் கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டாவிட்டால் உங்கள் கடை மேப்பிலிருந்து போய்விடும்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். ஓடிபி கேட்டால் கட்டாயம் வைத்துவிடுங்கள்.

பொறுமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த வேலை பலன் தர பெரும்பாலும் 4 மாதம் முதல் ஒரு வருடம் ஆகும் என்று கூகுள் நிறுவனத்தாரே 2017இல் சொன்னார்கள். பதினைந்து நாளில் மாற்றிக்காட்டுகிறேன் என்கிறவரும் வேண்டாம், வருடக் கணக்கில் எதையும் காட்டாமல் மாதச் சந்தா வாங்குகிறவரும் வேண்டாம்.

பெயரில் கை வைக்க விடாதீர்கள். பெயர்ப் பலகையில் இருப்பதுதான் புரொஃபைலிலும் இருக்க வேண்டும் என்பது விதி. கடைப் பெயருக்குப் பின்னால் 'மும்பையின் சிறந்த மலிவு விலை லெதர் பை தாராவி சயான்' என்று ரயில் பெட்டி மாதிரி கோத்துவிடுவார்கள். சில வாரம் மேலே வருவதுபோல் தெரியும். யாராவது புகார் கொடுத்தால் கணக்கு முடங்கும், முடங்குவது ஏஜென்சி இல்லை, உங்கள் கடை. வேறு பகுதியிலும் கிளை இருப்பதாகப் பொய் முகவரி சேர்ப்பதும் இதே ஆபத்துதான்.

காசு கொடுத்து வாங்கும் ரிவ்யூ அதைவிட மோசம். ஆன்லைன் ரிவ்யூக்களுக்காக இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்ற தரநிலையையே வெளியிட்டது. கூகுளும் போலியைக் கண்டால் நீக்குகிறது. விதியை விடுங்கள். கடைக்கே வராத ஒருவர் 'அருமையான சேவை' என்று எழுதுவதை உங்கள் உண்மையான வாடிக்கையாளர் படிக்கும்போது அவருக்கு என்ன தோன்றும்? பை வாங்கி மகிழ்ச்சியோடு போகிறவரிடம் வாய் திறந்து கேளுங்கள். கேட்க நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள், கூச்சமே வேண்டாம்.

வெப்சைட் வேலையில் இரண்டு ஏமாற்றுகள் அதிகம். ஒன்று, ஸ்டேஷன் பக்கங்கள். தாதரில் தோல் பை, பாந்த்ராவில் தோல் பை, போரிவலியில் தோல் பை என்று சர்ச்கேட் முதல் விரார் வரை ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு பக்கம், ஊர்ப் பெயர் மட்டும் மாறும், மீதி எழுத்து ஒன்றே. இவற்றை டோர்வே பக்கங்கள் என்று கூகுள் தடை செய்திருக்கிறது. மொத்தமாக உற்பத்தி செய்து குவிக்கும் பக்கங்களுக்கு எதிராக 2024 மார்ச்சில் விதியை இன்னும் இறுக்கியது. மற்றொன்று 'மாதம் 500 பேக்லிங்க்', அதாவது வேறு தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் இணைப்புகள். விலைக்கு வாங்கிய இணைப்புகள் போன்ற ஏமாற்றுகளை ஒடுக்குவதற்காகவே 2012 ஏப்ரலில் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்தது. இத்தனை வருடம் கழித்தும் அதே சரக்கு தாராவியில் விற்பனைக்கு வருகிறது. நீங்கள் பை செய்து கொடுக்கும் ஒரு பள்ளியோ கம்பெனியோ, உங்கள் வியாபாரிகள் சங்கமோ தங்கள் தளத்தில் உங்களைக் குறிப்பிட்டால் அந்த ஒன்று, யாரும் படிக்காத ஐந்நூறைவிட மேல். விலைப்பட்டியலில் 'மெட்டா கீவேர்ட்ஸ்' (பக்கத்தின் நிரலுக்குள் மறைவாக எழுதும் தேடல் சொற்கள்) என்று தனியாக ஒரு தொகை இருந்தால் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதைத் தாங்கள் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009லேயே அறிவித்துவிட்டது.

மாத அறிக்கையில் கடையின் பெயரைத் தேடினால் கடை வருகிறது என்பதைச் சாதனையாகக் காட்டுவார்கள். பெயரே தெரிந்து தேடுகிறவர் ஏற்கெனவே உங்கள் வாடிக்கையாளர். புரொஃபைலில் எத்தனை அழைப்பு, எத்தனை பேர் வழி கேட்டார்கள், என்ன சொல்லைத் தேடி வந்தார்கள் என்று நீங்களே பார்க்க முடியும். அதைக் கல்லாவோடு ஒப்பிடுங்கள்.

இவ்வளவையும் தவிர்த்தாலும் ஒரு தவறு மிஞ்சும். அது ஏஜென்சியுடையது இல்லை, நம்முடையது. பணத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது. தோல் பை பற்றி வெளியாளுக்கு என்ன தெரியும்? வாடிக்கையாளர் எந்தச் சொல்லால் கேட்கிறார் என்பது கல்லாவில் இருப்பவருக்குத்தான் தெரியும். நாம் சயான் என்கிறோம், மராட்டிக்காரர் சீவ் என்கிறார்; அவர் அப்படித்தான் தேடுவார். இதை அந்தேரி அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் ஊகிக்க மாட்டார்.

இப்போது எங்கள் வேலையைப் பார்ப்பது செம்பூரில் தனியாகத் தொழில் செய்யும் ஒரு பெண். மேலாளர் அனுமதியோடு வேலை செய்கிறார், ஜிஎஸ்டி பில் தருகிறார், என்ன மாற்றினார் என்று தேதியோடு எழுதி அனுப்புகிறார். முதல் நாள் வந்து அவர் கேட்டது பாஸ்வேர்டு இல்லை, ஒரு நோட்டு. வாரம் முழுவதும் வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகளை அவரவர் சொன்ன மொழியிலேயே அதில் குறிக்கச் சொன்னார். சித்தப்பா கல்லாவுக்குப் பக்கத்தில் நோட்டை வைத்து எழுதினார்: லேப்டாப் வைக்க இடம் இருக்கிறதா, பெயர் பொறித்துத் தருவீர்களா, கம்பெனிக்கு நூறு பை எத்தனை நாளில் கிடைக்கும், இது அசல் தோல்தானா. எல்லாவற்றையும்விட அதிகமாக வந்த கேள்வி, பழைய பைக்கு ஜிப் மாற்றித் தருவீர்களா என்பது. மாற்றித் தருகிறோம், பல வருடமாகத் தருகிறோம். வெப்சைட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர் முதலில் எழுதத் தொடங்கியிருப்பது அந்தப் பக்கத்தைத்தான்.